படம் மேலே, ஒலி கீழே: வீட்டு ப்ரொஜெக்டரும் ஐந்து ஸ்பீக்கரும்

1983இல் இலங்கையின் விக்டோரியா அணைக்கட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, கண்டிப் பக்கம் ஓர் அமெரிக்கப் படக்குழு வந்து இறங்கியது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்துக்கொண்டிருந்த 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்துக்கு, ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஒரு கயிற்றுப் பாலம் வேண்டியிருந்தது. அணை கட்ட வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்களே அதற்கும் கைகொடுத்தார்கள். அந்தப் பாலம் நடுவில் அறுந்து விழுகிற காட்சி 1984இல் உலகமெங்கும் திரையில் ஓடியது. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வந்து கலந்துகொள்ள அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட, புதிய நகரம் மேட்டில் எழுந்தது.

அதே படம் 2021இல் டால்பி அட்மோஸ் ஒலியோடு 4கே டிஸ்க்காக வெளிவந்தது. இன்று தெல்தெனியவில் ஒரு வீட்டுச் சுவரில் அதை நூறு அங்குலத்துக்கு விரித்துப் பார்க்கலாம். ப்ரொஜெக்டர் இருந்தால் போதும், படம் வந்துவிடும். ஒலி அப்படித் தானாக வருவதில்லை. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி அடுக்கிய வீட்டிலும், முன்னால் உள்ள இரண்டு மட்டும் பேச, மற்ற மூன்றும் மௌனமாக நிற்பதைக் காணலாம். அல்லது ஐந்தும் ஒரே சத்தத்தை ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். இரண்டாவது நிலைமை மோசமானது. ஏனென்றால் அதைத்தான் சரவுண்ட் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள்.

"ஸ்பீக்கர் சரியில்லை, இதைவிடப் பெரிய செட் எடுங்க" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. கோளாறு அநேகமாக ஸ்பீக்கரில் இருப்பதில்லை. ஒலி போகிற வழியில் இருக்கிறது. 'ப்ரொஜெக்டரோடு ஸ்பீக்கரை எப்படி இணைப்பது' என்று கேட்கும்போதே பாதி வழி தவறிவிடுகிறது. முடிந்தவரை ஒலியை ப்ரொஜெக்டருக்குள் நுழையவே விடாமல், நடுவழியிலேயே பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில்தான் மற்ற முறைகளைத் தேடவேண்டும்.

சரவுண்ட் ஒலி தமிழ் ரசிகனுக்குப் புதிதல்ல. 1986இல் 'மாவீரன்' 70 மில்லிமீட்டர் படச்சுருளில் ஆறு தடங்கள் கொண்ட ஒலியோடு வந்தது. 1995இல் கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' டால்பி ஒலியைக் கொண்டுவந்தது. 1996இல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியைக் கொண்டுவந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அட்மோஸில் வெளியானது. திரையரங்கில் நாற்பது ஆண்டாகக் கேட்டுப் பழகிய காதுதான் வீட்டிலும் அதைத் தேடுகிறது.

5.1 என்பதன் கணக்கு எளிது. முன்னால் இடது, வலது, நடு என மூன்று; பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு; இவை ஐந்து. அந்த '.1' அடித்தொனிக்கு மட்டும் ஒதுக்கிய தடம். ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையான ஓசையே அதில் இருக்கும். இந்த ஆறு தடங்களும் படத்தின் கோப்பில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. அவை கலைந்துபோகாமல் ஆம்ப்ளிஃபையர் வரை வந்து சேரவேண்டும். கேள்வி முழுவதும் இவ்வளவுதான்.

எங்கே கலைகின்றன? எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகியதும், படம் அனுப்பும் கருவியும் படம் காட்டும் கருவியும் நமக்குத் தெரியாமல் ஒரு பேச்சு நடத்துகின்றன. "உன்னால் என்ன முடியும்?" என்று டிவி பெட்டியோ டிஸ்க் பிளேயரோ கேட்கிறது. ப்ரொஜெக்டர் தன் திறன்களைப் பட்டியலாக அனுப்புகிறது. ஈ.டி.ஐ.டி. என்று தொழில்நுட்பக்காரர் சொல்வது இந்தப் பட்டியலைத்தான். ப்ரொஜெக்டருக்குள் இருப்பது சின்ன ஸ்பீக்கர் ஒன்றோ இரண்டோதான். ஆகவே அது பெரும்பாலும் "எனக்கு இரண்டு தட ஒலி போதும்" என்று உண்மையைச் சொல்லிவிடும். அனுப்பும் கருவி அதற்குக் கட்டுப்பட்டு, ஆறு தடங்களையும் இரண்டாகக் கலந்து அனுப்பும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான ஸ்பீக்கரை மாட்டினாலும், கலந்த ஆறு தடங்களைப் பழையபடி பிரித்தெடுக்க முடியாது. கண்டி நகரத்தில் ஒரு கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தாலும், இன்னொருவர் வயரை மாற்றிக் கொடுத்தாலும் குறை அப்படியே இருப்பதற்குப் பல வேளைகளில் இந்தப் பேச்சே காரணம்.

இதற்கு நேரான மருந்து, நடுவில் ஒரு ஏ.வி. ரிசீவரை வைப்பது. டிவி பெட்டி, டிஸ்க் பிளேயர், ஃபயர் டிவி ஸ்டிக், கேம் பெட்டி எல்லாம் ரிசீவரின் பின்பக்கத் துளைகளில் செருகப்படும். ரிசீவர் "எனக்கு ஆறு தடமும் வேண்டும்" என்று சொல்லி ஒலியைத் தானே எடுத்துக்கொள்ளும். படத்தை மட்டும் இன்னொரு எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக மேலே ப்ரொஜெக்டருக்கு அனுப்பும். ஸ்பீக்கர்கள் ஐந்தும் ரிசீவரிலிருந்தே ஓடும். ப்ரொஜெக்டர் வாய் திறக்கவேண்டிய தேவையே இல்லை. 4கே படம் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அனுப்பும் பெட்டி, ரிசீவர், ப்ரொஜெக்டர் மூன்றும் எச்.டி.சி.பி. 2.2 பாதுகாப்பு முறையை ஏற்கவேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் படம் தரம் குறையும், அல்லது வராமலே போகும்.

ஆனால் ஆண்ட்ராய்ட் உள்ளே பொதிந்த ப்ரொஜெக்டர்கள் இப்போது பெருகிவிட்டன. நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் ப்ரொஜெக்டருக்குள்ளேயே ஓடும்போது ஒலி பிறப்பதே அங்குதான். அதைக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதற்காகவே 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4இல் ஏ.ஆர்.சி. என்ற வசதி வந்தது. படம் மேலே போகிற அதே வயரில் ஒலி கீழே திரும்பி வரும். ரிசீவரின் வெளியீட்டுத் துளையிலும் ப்ரொஜெக்டரின் ஒரு துளையிலும் அந்த மூன்று எழுத்தும் அச்சிட்டிருக்கவேண்டும். வேறு துளையில் செருகினால் வேலை செய்யாது. இரண்டு கருவியின் அமைப்பிலும் சி.ஈ.சி. என்பதை இயக்கிவிடவேண்டும். ஏ.ஆர்.சி.யில் சுருக்கப்பட்ட 5.1 ஒலி வரும். நெட்ஃபிளிக்ஸ் தரும் வகை அட்மோஸும் வரலாம். 2017இல் அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. 2.1 தந்த ஈ.ஏ.ஆர்.சி.யில்தான் டிஸ்க்கில் உள்ள இழப்பில்லாத தரம் முழுதாகத் திரும்பி வரும். மலிவு விலை ஆண்ட்ராய்ட் ப்ரொஜெக்டர்களில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருந்தும் இரண்டு தடமே இறங்குவதுண்டு. வாங்குவதற்கு முன் கடையிலேயே ஓடவிட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டை மறந்துவிட்டு, தனி ஸ்டிக் ஒன்றை ரிசீவரில் செருகிவிட்டால் இந்தத் தலைவலி முழுவதும் தீர்ந்தது.

ரிசீவர் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இன்னொரு கருவி உண்டு: எச்.டி.எம்.ஐ. ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. ஒரு பக்கம் வந்த சமிக்ஞையிலிருந்து ஒலியைப் பிரித்து, ஒப்டிக்கல் வயர் வழியாக, ஒப்டிக்கல் துளை உள்ள செட்டுக்குக் கொடுக்கும். படம் ப்ரொஜெக்டருக்குப் போகும். இதன் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். 'பாஸ்', '2 சேனல்', '5.1' என்று மூன்று நிலை. அது 'பாஸ்' நிலையில் இருந்தால் ப்ரொஜெக்டரின் பட்டியலே திரும்பப் போய், மறுபடி இரண்டு தடம்தான் வரும். '5.1' நிலைக்குத் தள்ளினால், எக்ஸ்ட்ராக்டரே ஆறு தடம் வேண்டும் என்று பதில் சொல்லும். இந்த ஒரு சுவிட்ச்சைத் தொடாததால் கருவி பழுதென்று திருப்பிக் கொடுக்கப்படுவது பரிதாபம்.

ஒப்டிக்கல் வயர் பற்றியும் சொல்லவேண்டும். 1983இல் தோஷிபா கொண்டுவந்த இந்த ஒளி இழை இன்றும் பயனுள்ளதே. சாதாரண டால்பி டிஜிட்டலையும் டி.டி.எஸ்.ஐயும் 5.1 ஆகவே கொண்டுபோகும். மின்சாரம் இதில் ஓடாததால் இரைச்சல் ஏறாது. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் இதில் போகாது. ஸ்ட்ரீமிங் பெட்டியின் ஒலி அமைப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றிக் கொடுக்கவேண்டும்.

3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளை வழி எப்போதும் இரண்டு தடம்தான். சப்வூஃபருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் பொதிந்த, நம் பகுதி வீடுகளில் பரவலாகக் காணும் 5.1 செட்டுகளுக்கு இந்த வழியில் ஒலி கொடுத்தால், அது முன்னால் வருவதையே பின்னாலும் நகலெடுத்துப் போடும். அதே செட்டின் பின்பக்கத்தில் ஆறு ஆர்.சி.ஏ. துளை இருந்தால், பரணில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயரைத் தூசு தட்டலாம். பல டிவிடி பிளேயர்களில் ஆறு தட வெளியீடு உண்டு. டிஸ்க்கில் உள்ள 5.1 ஒலி, அந்த ஆறு வயரில் கலையாமல் செட்டுக்கு வந்துவிடும். செலவு வயருக்கு மட்டும்.

புளூடூத்தை எல்லோரும் விரும்புகிறார்கள், வயர் இல்லை என்பதற்காக. இரண்டு குறைகள் அதில் தீராதவை. சாதாரண புளூடூத் இரண்டு தடத்தையே அனுப்பும். அதோடு ஒலி 200 மில்லிவிநாடி அளவுக்குப் பிந்திவிடும். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் இது கிட்டத்தட்ட ஐந்து சட்டம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்பு விதந்துரைப்பின்படி, ஒலி 125 மில்லிவிநாடி பிந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார். 185ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. வாயசைவு முடிந்தபிறகு வசனம் வரும்; கிரிக்கெட்டில் பந்து பட்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓடத் தொடங்கியபின் மட்டையின் ஓசை வரும். ரிசீவர் வழியில் இதற்கு நேரெதிரான சிக்கல் சில வேளை வரும்: ப்ரொஜெக்டர் படத்தைச் செப்பனிட எடுக்கும் நேரத்தில் ஒலி முந்திவிடும். அது பெரிய விஷயமல்ல; ரிசீவரின் அமைப்பில் ஒலியைத் தாமதப்படுத்தினால் சரி. பிந்திய ஒலியை முந்தவைக்கத்தான் வீட்டில் வழியில்லை. கணினியில் வி.எல்.சி. போன்ற மென்பொருளில் ஓடும் கோப்புக்கு மட்டும் அது முடியும். பின்பக்க ஸ்பீக்கருக்கு வயரே இழுக்க முடியாத வீட்டுக்கு, வைசா போன்ற, தாமதம் சில மில்லிவிநாடியே உள்ள கம்பியில்லா முறைகள் உண்டு. ஆனால் அந்த ஸ்பீக்கருக்கும் ஒரு பிளக் பொயின்ட் வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

வயர் என்றதும் நீளம் வருகிறது. கூரையில் தொங்கும் ப்ரொஜெக்டருக்குக் கீழேயுள்ள ரிசீவரிலிருந்து சுவரோரமாக வளைத்துக் கொண்டுபோனால் பத்து மீட்டர் ஆகிவிடும். 4கே சமிக்ஞைக்குச் சாதாரணச் செப்பு எச்.டி.எம்.ஐ. வயர் ஐந்து, ஏழு மீட்டருக்கு மேல் நம்பத்தகுந்ததல்ல. ஒளி இழை பொதிந்த எச்.டி.எம்.ஐ. வயரே இங்கு ஏற்றது. அதற்கு முனை மாறக்கூடாது; ஒரு முனை ரிசீவருக்கு, மறுமுனை ப்ரொஜெக்டருக்கு என்று அதிலேயே குறித்திருக்கும். ஏ.ஆர்.சி. வேண்டுமானால் வயர் அதை ஏற்குமா என்று உறையில் பார்க்கவேண்டும். சுவரை உடைத்துப் பதிப்பவர் வயரை நேரடியாகச் சாந்துக்குள் புதைக்காமல், அகலமான குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலோன் கயிற்றையும் விட்டுவைப்பது நல்லது. நாளைக்கு வயர் மாற அந்தக் கயிறு உதவும். ஸ்பீக்கருக்கு விலையுயர்ந்த வயர் தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு இரட்டை வயர் பத்து மீட்டர் போய்வர 0.23 ஓம் தடையே தரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. சிவப்பு, கறுப்பு மாறாமல் பார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால், வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம்: நேர்முனை நேர்முனையில் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும்.

இனி அறை. விலையுயர்ந்த கருவிகளையும் தோற்கடிப்பது இதுதான். இதற்கு ஒதுக்குகிற கவனம் மிகக் குறைவு. தெல்தெனிய, திகன, கண்டிப் பக்க வீடுகள் பெரும்பாலும் பூச்சுச் சுவரும் சீமெந்துத் தரை அல்லது டைல்ஸும் கொண்டவை. 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி என்று ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வொலஸ் சபின் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வகுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அது வெறுமையாக இருக்கும்போது ஓர் ஓசை அடங்க ஏறத்தாழ 3 விநாடி எடுக்கும். ஒரு வசனம் அடங்குமுன் அடுத்த வசனம் அதன் மேல் ஏறிவிடும். அதே அறையில் தடித்த திரைச்சீலை, பாய் அல்லது கம்பளம், சோபா, புத்தக அலமாரி, நாலைந்து மனிதர் எல்லாம் சேர்ந்தால் அது அரை விநாடிக்கு இறங்கும். திரைக்கு எதிர்ச் சுவரில் கனமான துணி தொங்கவிடுவது, புதிய ஸ்பீக்கர் வாங்குவதைவிடக் கேட்கத்தக்க மாற்றத்தைத் தரும்.

ஸ்பீக்கர் வைக்கும் கோணங்களை ஒலியியலார் எப்போதோ வகுத்துவிட்டார்கள். உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் முன் இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை விலகி, பக்க இரண்டும் 100 முதல் 120 பாகையில், காதுக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். பின் சுவரின் இரு மூலையில் உத்தரத்தோடு ஒட்டி ஆணியடித்துத் தொங்கவிடுவது அழகுக்கு, காதுக்கல்ல. நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே, முகத்தை நோக்கிச் சற்று நிமிர்ந்து நிற்கட்டும். வசனத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. "சண்டை காதைப் பிளக்குது, பேசுறது விளங்கேல்ல" என்று வீட்டுப் பெரியவர்கள் குறைப்பட்டால், ரிசீவரில் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் கூட்டிவிட்டால் அவர்களுக்குப் படம் திரும்பக் கிடைக்கும். பழைய இரண்டு தடப் படங்களுக்கும் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் ரிசீவரின் டால்பி சரவுண்ட் அல்லது புரோ லொஜிக் நிலை, வசனத்தை நடுவுக்கு நகர்த்தித் தரும்.

சப்வூஃபருக்கு இடம் தேட, அதை உட்காரும் நாற்காலியில் வைத்து அடித்தொனி நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்கவேண்டும். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். 12 அடிச் சுவர்களுக்கு இடையில் 47 ஹெர்ட்ஸ் ஓசை நிலைகொண்டு சில இடத்தில் குமுறும், சில இடத்தில் காணாமல் போகும். அதனால்தான் இந்தத் தேடல்.

தோட்டப்புற லயன் வீடுகளில் இது அயலாரின் விஷயமும் ஆகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, இரு பக்கமும் பொதுச் சுவர். அடித்தொனிக்கு அந்தச் சுவர் ஒரு தடையே அல்ல. காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டியவர் பக்கத்தில் தூங்குகிறார். ரிசீவரில் இரவு நிலை என்று ஒன்று உண்டு. பெரிய ஓசையை அடக்கி, சின்ன ஓசையை உயர்த்தும். சப்வூஃபரை அணைத்துவிட்டு அந்த நிலையில் பார்ப்பதுதான் அங்கே நியாயம். லயன் அறைக்கு நல்ல மூன்று தட சவுண்ட்பார் போதும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரிசீவர் ஒரு பொயின்ட்டிலும் ப்ரொஜெக்டர் வேறு பொயின்ட்டிலும் டிஷ் அன்டெனா வயர் மூன்றாவது பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போது, எர்த் வழிகள் ஒரு வட்டமாக மூடிக்கொள்ளும். ஸ்பீக்கரில் விடாத ஒரு முனகல் கேட்கும். அன்டெனா வயரைக் கழற்றியதும் முனகல் நின்றால் காரணம் அதுவே. எல்லாக் கருவிக்கும் ஒரே எர்த் உள்ள பலகையிலிருந்து கரண்ட் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். எர்த் முனையை வெட்டிவிட்டுச் சத்தத்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. எந்த எலக்ட்ரிஷியன் சொன்னாலும் கேட்கக்கூடாது.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கவேண்டும்: விளக்கு வகை ப்ரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் மின்விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கும். ப்ரொஜெக்டருக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். வைப்பது பயனுள்ள செலவு. ஏப்ரல் மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைநாட்டில் இடி இறங்கும்போது சுவிட்ச்சை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றவேண்டும், அன்டெனா வயரையும் கழற்றவேண்டும். எச்.டி.எம்.ஐ. துளைகள் மின்னலுக்கு மிக எளிதில் பழுதாகிவிடும். டிஷ் வழியாக வந்த ஒரே அதிர்ச்சியில் டிவி பெட்டி, ரிசீவர், ப்ரொஜெக்டர் என்று வரிசையாகப் போய்விடும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது? முதலில் 5.1 ரிசீவர், பழையதாக இருந்தாலும் எச்.டி.எம்.ஐ. உள்வரும் துளைகள் இருந்தால் சரி (4கே பார்ப்பவருக்கு எச்.டி.சி.பி. 2.2உம் வேண்டும்). அடுத்து நல்ல முன் மூன்று ஸ்பீக்கர். பிறகு திரைச்சீலையும் கம்பளமும். அதன்பின் பக்க ஸ்பீக்கர் இரண்டு, சப்வூஃபர் கடைசி. அட்மோஸுக்குக் கூரை ஸ்பீக்கர் தகரக் கூரை வீட்டில் வேண்டாம். மழை பெய்தால் அதை எதுவும் வெல்லாது.

செட் ஒன்று வாங்க கண்டிக்கோ திகனவுக்கோ போகிறவர்கள் முன்பக்க விளக்குகளைப் பார்த்து முடிவெடுக்காமல், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். எச்.டி.எம்.ஐ. உள்வருவதற்கும் வெளியேறுவதற்கும் தனித்தனித் துளை இருக்கிறதா, வெளியேறும் துளையில் ஏ.ஆர்.சி. என்று இருக்கிறதா, ஸ்பீக்கர் வயரைச் செருகச் சாதாரண இணைப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, 5.1 ஒலி உள்ள படமொன்றை யூ.எஸ்.பி.யில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓடவிட்டு, பின் ஸ்பீக்கரின் அருகில் காதை வைத்துக் கேளுங்கள். முன்னால் கேட்காத ஓசை அதில் கேட்டால் வாங்குங்கள். முன்னால் கேட்பதே அதிலும் கேட்டால் விட்டுவிடுங்கள்.